கல்லூரிக்குள் தொழில் பிறக்குமா? – ஒரு சிறு வரலாறு

இன்குபேட்டர் என்றால் என்ன என்று எங்கள் நாமக்கல்லில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரம். வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ். முதல் 18 நாள் ஒரு பெட்டி, கடைசி 3 நாள் இன்னொரு பெட்டி. 21-ஆம் நாள் குஞ்சு வெளியே வந்துவிடும். எனவே, எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் "மாணவர் தொழில்முனைவோர் இன்குபேஷன் மையம் தொடக்க விழா" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் வகுப்பில் ஒருவன், "கோழிப்பண்ணை வைக்கப் போறாங்களாடா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவன் கேட்டதில் தப்பே இல்லை!

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்று ஒரு சிற்றூர். 1950-களில் அங்கே இருந்த பெரிய விவசாய இயந்திரத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். 8 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட கட்டடம் சும்மா கிடந்தது. உள்ளூர் வணிகக் குடும்பமான மான்குசோ குடும்பம் அதை வாங்கியது. மொத்தமாக எடுக்க ஆள் இல்லாததால், ஜோசப் மான்குசோ 1959-ல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு தொழில் செய்பவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அலுவலக வசதி பொதுவில் கிடைக்கும், கடன் வாங்கவும் வழி சொல்லுவார்கள். அப்படி வந்தவர்களில் ஒன்று கோழிக்குஞ்சு நிறுவனம். "நாங்கள் இங்கே தொழில்களையும் அடைகாக்கிறோம்" என்கிற பொருளில் மான்குசோ வேடிக்கையாகச் சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் பல்கலைக்கழக வளாகங்களில் இருக்கும் "பிசினஸ் இன்குபேட்டர்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஒரு கோழிக்கதை.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நாமக்கல்லில் கடைகளுக்குப் போகும் முட்டை கரு இல்லாத முட்டை. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. அந்த முட்டையை எவ்வளவு நல்ல இன்குபேட்டரில் வைத்தாலும் 21 நாளில் அழுகத்தான் செய்யும். அப்படியானால் மாணவன் கொண்டுவரும் தொழில் யோசனையில் "கரு" என்பது எது? நம் ஊர்ப்பக்கம் கல்லூரிகள் இதற்கு முன் இந்த முயற்சியைச் செய்திருக்கின்றனவா? கிடைத்த விடைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டறை முதலில், கல்லூரி பிறகு (1926)

கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு குடும்பத்தின் நான்கு மகன்களும் சொத்தைப் பிரித்தபோது, தர்மத்தையும் ஒரு பங்காளியாக வைத்து ஐந்து பாகமாகப் பிரித்தார்கள் என்பது அந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் கதை. அந்தப் பங்கில் 1926-ல் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் தொடங்கியது. அதே ஆண்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும் வந்தது. பொறியியல் கல்லூரியான பி.எஸ்.ஜி. டெக் வந்ததோ 1951-ல்தான். அதாவது பட்டறைக்கும் கல்லூரிக்கும் 25 வருட இடைவெளி. பட்டறைதான் அண்ணன்!

அந்தத் தொழிற்கூடம் பையன்கள் அரம் பிடித்துப் பழகுவதோடு முடிந்துவிடவில்லை. பம்பு, மோட்டார் என்று சந்தையில் விற்கும் பொருள்கள் அங்கே தயாராயின. வாங்க ஆள் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, 1937-ல் அங்கும் மின் உற்பத்தி ஆரம்பித்தது. கிராமங்களுக்குக் கம்பி வர வர, சேலம், கோவைப் பக்கக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்தது போய் மோட்டார் பம்பு வந்தது. எங்கள் தாத்தா காலத்துக் கிணற்றில் கவலை ஓடிய சரிவு இன்னமும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே பம்பு ரூம். ஆக, கோவைப் பட்டறைகளுக்குச் சேலம் ஜில்லா விவசாயியும் ஒரு வாடிக்கையாளர்.

பி.எஸ்.ஜி. டெக்கின் முதல் முதல்வர் ஜி.ஆர்.தாமோதரன் காலத்திலிருந்தே படிப்பும் பட்டறையும் ஒரே வளாகத்தில். "சாண்ட்விச்" என்ற பெயரில் ஐந்து வருடப் பொறியியல் படிப்பும் அங்கே உண்டு. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் தொழிற்கூடம். நாளைக்கு யாருக்கோ டெலிவரி போக வேண்டிய பொருளின் பக்கத்தில் நின்று ஒருவன் படித்தால், அவனுக்குத் தொழில் என்பது பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயமாகத் தெரியாது.

நாலு வருடம் எதற்கு? (1945)

இரண்டாவது கதை ஜி.டி.நாயுடு. 1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றி மாட்டிப் பழகினார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி – பழனி ஓட்டினார். 1933 வாக்கில் அவரிடம் 280 பஸ். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு கல்லூரிக்கு முதல்வரானால் எப்படி இருக்கும்? 1945-ல் அதுவும் நடந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி கோவையில் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் நின்றவரும் முதல்வராக இருந்தவரும் ஜி.டி.நாயுடுதான். "நான்கு வருடப் பொறியியல் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, அதே பாடத்தை இரண்டு வருடத்தில் சொல்லிக் கொடுக்கலாம்" என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முதல்வர் பதவியை ராஜினாமா செய்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இரண்டு வருடம் போதுமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் மாணவனின் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று அன்றே கணக்குப் பார்த்தவர் அவர். மத்திய கல்வி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட மாணவர், ஆசிரியர் தொழில்முனைவுக் கொள்கை இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. தொழில் தொடங்கும் மாணவன் அனுமதியோடு செமஸ்டர் இடைவெளி எடுக்கலாம், வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வு எழுத அனுமதிக்கலாம், புராஜெக்டுக்குப் பதிலாகத் தன் தொழிலையே காட்டலாம் என்று கல்லூரிகளுக்கு வழி சொல்கிறது. நாயுடு ராஜினாமா செய்து 70 வருடம் கழித்து!

அரசு கொடுத்த கூரை (1986)

1982-ல் மத்திய அரசு அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவுக்கென்று ஒரு தேசிய வாரியம் அமைத்தது. அதன் வழியாகப் பொறியியல் கல்லூரி வளாகங்களில் தொழில்முனைவோர் பூங்காக்கள் வந்தன. நாட்டிலேயே முதலில் வந்தவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1986-ல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் (2003-லிருந்து என்.ஐ.டி.) ஆரம்பித்த ட்ரெக்-ஸ்டெப். கொட்டகை, இயந்திரம், பயிற்சி, வங்கிக்குப் போக வழி எல்லாம் ஓரிடத்தில். அருகிலேயே பெல் தொழிற்சாலை இருந்ததால் திருச்சியில் சிறு பட்டறைகளுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. கோவை பி.எஸ்.ஜி.யிலும் 1998-ல் இதேபோன்ற பூங்கா வந்தது.

எங்கள் ஊரிலும் ஒரு பாடம் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் தொடங்கியது. மாணவர் கம்பெனிகள் அங்கிருந்து கிளம்பின என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பண்ணைக்காரர் தீவன மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வளாகத்துக்குள் போகிறார், மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டு வருகிறார். வெயில் ஏறினால் கோழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கல்லூரி சொல்வது பேப்பரில் வருகிறது. ஊர்த்தொழில் தன் பிரச்சினையோடு உள்ளே நுழைய ஒரு கேட் அங்கே திறந்திருக்கிறது. மற்ற கல்லூரிகளில் அந்த கேட் எங்கே?

சரி, எங்கள் கதை

என் நண்பன் ஒருவன் லாரி உரிமையாளர்களுக்காக ஒரு மொபைல் ஆப் செய்தான். டிரிப் ஷீட்டை டிரைவரே போனில் பதிவு செய்யலாம். வாடகை, அட்வான்ஸ், டீசல், டோல், படி எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கல்லூரிப் போட்டியில் முதல் பரிசு, சான்றிதழ், மேடையில் போட்டோ. கேட்ட கேள்விகள் எல்லாம் "எதிர்கால விரிவாக்கம் என்ன?" என்ற ரகம். எந்த லாரிக்காரர் இதற்குப் பணம் கொடுப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து கைதட்டிய நானும் கேட்கவில்லை.

அவனை என் மாமாவிடம் கூட்டிப்போனேன். அவர் பாடி பில்டிங் பட்டறையில் பல வருடம் இருந்து, இப்போது இரண்டு லாரி ஓட்டுகிறார். ஆப்பை ஐந்து நிமிடம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஹூப்ளி தாண்டி நிக்கிற டிரைவரு, கண்ணு சொருகற நேரத்துல இதுல டைப் அடிச்சுக்கிட்டு இருப்பானா?" என்று கேட்டார். நண்பன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ கருவில்லாத முட்டை ஞாபகம் வந்தது. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வேலையை மாமா ஒரு கேள்வியில் செய்துவிட்டார்.

உலகப் புகழ் பெற்ற கதைகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெட் டெர்மன் தன் மாணவர்கள் ஹியூலட், பேக்கார்டு இருவரையும் தொழில் தொடங்கத் தூண்டினார். 1939-ல் 538 டாலர் முதலில், ஒரு கார் ஷெட்டில் ஆரம்பம். ஷெட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வால்ட் டிஸ்னி நிறுவனம் அவர்களிடம் எட்டு ஆடியோ ஆசிலேட்டர் வாங்கியது என்பதே அதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஆள் ஒருவர் வந்ததும் அது தொழிலாகிவிட்டது.

அதே கதையில் எங்களைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. அவர்கள் முதல் கருவிக்கு 54.40 டாலர் என்று விலை வைத்தார்கள். அடக்க விலை பார்த்து வைத்த விலை அல்ல. பிறகுதான் அந்த விலைக்குத் தயாரிக்கவே முடியாது என்று தெரிந்ததாம்! பக்கத்தில் ஒரு பி.காம். மாணவன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். "இன்னோவேஷன்" என்றால் பொறியியல் மாணவர்கள் வேலை, நாங்கள் கைதட்டும் கூட்டம் என்ற நினைப்பு எங்கள் கல்லூரியிலும் உண்டு. எனக்கே இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நண்பனும் மாமா வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம். டைப் அடிக்கும் கட்டங்களை அவன் தூக்கிவிட்டான். டிரைவர் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், மற்றதை இங்கே நாங்கள் பதிகிறோம். ஒரே ஒரு லாரிக்கு மூன்று மாதக் கணக்கை நான் எழுதிப் பார்த்தேன். மாமா லாபம் என்று நினைத்திருந்த இரண்டு டிரிப்பில், டயர் தேய்மானத்தையும் இன்சூரன்சையும் சேர்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. மாமா நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரம் பட்டறைப் பக்கம் இருக்கும் இன்னொருவரையும் கூட்டி வந்தார். "இவருக்கும் எழுதிக் குடு, சும்மா வேண்டாம், மாசம் இவ்வளவுன்னு வாங்கிக்க" என்றார். எங்கள் முதல் வாடிக்கையாளர்!

வீட்டில் இன்னும் வங்கித் தேர்வுக்குப் படிக்கத்தான் சொல்கிறார்கள். படித்துக்கொண்டும் இருக்கிறேன். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, தவணை கட்டும் வீடு எங்களுடையது. இந்தச் சின்ன வேலை தொழிலாக வளருமா என்று தெரியாது.

ஆனால் வரலாறு ஒன்றைச் சொல்லிவிட்டது. 1926-ல் பட்டறையும் பம்பு வாங்கும் விவசாயியும் இருந்தார்கள். 1945-ல் மாணவனின் நேரத்துக்காக ஒருவர் பதவியை விட்டார். 1986-ல் கூரை கிடைத்தது. எங்கள் கல்லூரி மையத்தில் இப்போது ஏ.சி. அறையும், வட்ட மேசையும், கண்ணாடிக் கதவும் இருக்கின்றன. வெப்பம் தயார். இனி வேண்டியது, வாரம் ஒரு நாளாவது அந்தக் கதவுக்குள் ஒரு லாரிக்காரரும், ஒரு பண்ணைக்காரரும், ஒரு விசைத்தறிக்காரரும் வந்து உட்கார்ந்து "எனக்கு இதுதான் தொந்தரவு" என்று சொல்வது. பரிசு கொடுப்பதற்கு முன்னால் நடுவர் "யார் வாங்குவார்?" என்று ஒரு கேள்வி கேட்பது. இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை. முதல்வருக்கு இதை ஒரு கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலை கொடுக்கப் போகிறேன்.

உங்கள் கல்லூரியில் எப்படி? அங்கே வைத்திருக்கும் முட்டைகளை யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களா?