ஆஸ்கர் பரிந்துரையைக் கணிப்பது எப்படி? – ஒரு சின்ன வரலாறு

2022 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நானும் சித்தப்பா பையனும் ஒரே செல்போனை வைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது விடியற்காலை. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலை வாசிக்கப் போகிறார்கள். சிறந்த படத்துக்கான பட்டியலில் 'ஜெய் பீம்' இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. போதாததற்கு, ஒரு அமெரிக்க சினிமா எழுத்தாளர் வேறு 'ஜெய் பீம், என்னை நம்புங்கள்' என்கிற ரீதியில் ட்விட்டரில் எழுதிவிட்டார். அவ்வளவுதான், எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பத்துப் படங்களின் பெயரையும் வாசித்து முடித்தார்கள். ஜெய் பீம் இல்லை. "நம்ம படம்னா மட்டும் கண்ணு தெரியாதே" என்று திட்டிவிட்டு எழுந்து போனோம்.

அந்தக் கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான், இந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. ஆஸ்கர் பரிந்துரையைக் கணிக்க வேண்டுமானால் படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, ஓட்டுப் போடுகிறவர்களையும் ஓட்டை எண்ணுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட நூறு வருட வரலாறும் அதைத்தான் சொல்கிறது. வாருங்கள், முதலிலிருந்து பார்ப்போம்.

முதல் விழா 1929 மே 16ஆம் தேதி ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. யார் யாருக்கு விருது என்று மூன்று மாதத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். அதனால் கணிப்புக்கு வேலையே இல்லை. 1930 ஏப்ரலில் நடந்த இரண்டாவது விழாவில் அதிகாரப்பூர்வமான பரிந்துரைப் பட்டியலே கிடையாது. ஒரு சிறிய நடுவர் குழு உட்கார்ந்து முடிவு செய்தது. 'கோகெட்' படத்துக்காக மேரி பிக்ஃபோர்ட் சிறந்த நடிகை ஆனார். அவர் அகாடமியை நிறுவியவர்களில் ஒருவர். நடுவர்களைத் தன் மாளிகைக்கு அழைத்துத் தேநீர் விருந்து கொடுத்தார் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அடுத்த விழாவிலிருந்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று விதி மாறியது.

அடுத்த சண்டை 1935இல். 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் நடித்த பெட்டி டேவிஸுக்குப் பரிந்துரை நிச்சயம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை. எழுந்த கூச்சலைப் பார்த்து, பட்டியலில் இல்லாதவர் பெயரையும் ஓட்டுச்சீட்டில் கையால் எழுதிப் போடலாம் என்று அகாடமி இறங்கி வந்தது. அப்படியும் அவர் ஜெயிக்கவில்லை. 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்துக்காக கிளாடெட் கோல்பர்ட்தான் ஜெயித்தார். (ஊருக்குக் கிளம்ப ரயில் நிலையம் போய்விட்டவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து விருது கொடுத்தார்களாம்!) அடுத்த ஆண்டு 'டேஞ்சரஸ்' படத்துக்காக டேவிஸுக்கு விருது கிடைத்தது. அதே ஆண்டுதான் ஓட்டு எண்ணும் வேலை பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் கைக்குப் போனது. கையால் எழுதிப் போட்ட ஓட்டில் ஜெயித்தவர் ஆஸ்கர் வரலாற்றிலேயே ஒருவர்தான். அந்த ஆண்டின் ஒளிப்பதிவாளர் ஹால் மோர். அதன் பிறகு அந்த வழியை மூடிவிட்டார்கள்.

இதைக் கவனித்தீர்களா? எல்லோரும் எதிர்பார்த்த பெயர் வராவிட்டால் கூச்சல் எழும். கூச்சல் எழுந்தால் விதி மாறும். விதி மாறினால் பழைய கணக்கு உதவாது. இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

சரி, எப்படி எண்ணுகிறார்கள்? இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. மாநிலங்களவைத் தேர்தலுக்கு நம் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே முறைதான். 234 எம்.எல்.ஏ., 6 இடம் என்றால், 234ஐ 7ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 34. முப்பத்து நான்கு பேர் கையில் இருந்தால் ஒரு சீட் நிச்சயம். மீதி இருநூறு பேருக்கு உங்களைப் பிடிக்காவிட்டாலும் கவலையில்லை.

ஆஸ்கரிலும் அப்படியே. நடிகர்களை நடிகர்கள் பரிந்துரைப்பார்கள், இயக்குநர்களை இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாப் பிரிவினரும் ஓட்டுப் போடலாம். சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். 600 பேர் ஓட்டுப் போட்டு 5 இடம் என்றால், 101 பேர் முதலிடம் கொடுத்தாலே பட்டியலில் இடம் உறுதி. ஆறில் ஒரு பங்கு! அதாவது, ஐந்நூறு பேர் 'நல்ல படம்தான்' என்று நாலாவது, ஐந்தாவது இடம் கொடுத்த படத்தைவிட, நூற்று ஒரு பேர் 'இதுதான் படம்' என்று தலையில் தூக்கிவைத்த படம் சுலபமாக உள்ளே வந்துவிடும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 2009 ஜனவரி 22ஆம் தேதிக்கு வாருங்கள். நம் ஊரில் அது கொண்டாட்ட நாள். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மானுக்கு மூன்று பரிந்துரைகள். அமெரிக்காவிலோ அன்றைக்கு ஒரே ஒப்பாரி. தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், எழுத்தாளர் சங்கம் மூன்றும் தங்கள் விருதுக்குப் பரிந்துரைத்த 'தி டார்க் நைட்' படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள் கிடைத்தும், சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டிலும் இடமில்லை. ஐந்தில் ஒரு இடத்தை, பலர் எதிர்பார்க்காத 'தி ரீடர்' பிடித்துக்கொண்டது. ஓட்டு எண்ணிக்கையை அகாடமி வெளியிடுவதில்லை என்பதால் காரணத்தை ஊகிக்கத்தான் முடியும். ஆனால் எல்லோருக்கும் பிடித்திருப்பதும், போதுமான பேர் முதலிடம் கொடுப்பதும் வேறு வேறு என்று யோசித்தால் புதிர் பாதி அவிழ்ந்துவிடும்.

கூச்சல், விதி மாற்றம். அதே கதை. 1944 முதல் ஐந்தாகவே இருந்த பட்டியலைப் பத்தாக்குகிறோம் என்று 2009 ஜூனில் அறிவித்தார்கள். (1930களில் பன்னிரண்டு படங்கள்கூட இருந்திருக்கின்றன.) 2011இல் ஐந்து முதல் பத்து வரை எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். 2021ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து மறுபடியும் நிலையாகப் பத்து. இடம் கூடக் கூட, தேவையான ஓட்டு குறையும். பத்து இடம் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு போதும்.

எண்ணுவது இருக்கட்டும், ஓட்டுப் போடுவது யார்? கணிப்பில் கில்லாடிகள் கோல்டன் குளோபைவிடத் தொழிற்சங்கங்களின் பட்டியலை நம்புவதற்குக் காரணம் இதுதான். கோல்டன் குளோபை வெகுகாலம் நூறு பேர்கூட இல்லாத ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் கொடுத்துவந்தது. அவர்களுக்கு அகாடமியில் ஓட்டு இல்லை. தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்கங்களில் இருப்பவர்கள் பலர் அகாடமியிலும் உறுப்பினர்கள். ஆனால் அதுவும் ஒரு வருடம் காலை வாரியது. 2013இல் அகாடமியின் பரிந்துரை ஓட்டெடுப்பு ஜனவரி 4ஆம் தேதியே முடிந்துவிட்டது. இயக்குநர் சங்கப் பட்டியல் வந்தது ஜனவரி 8. அந்த ஐவரில் இருவர்தான் ஆஸ்கர் பட்டியலிலும் இருந்தார்கள். 'ஆர்கோ' இயக்கிய பென் அஃப்லெக்குக்குக்கூட இடமில்லை. அடுத்த மாதம் அதே ஆர்கோதான் சிறந்த படம் ஆனது! தேதியை மாற்றினால் கணிப்பும் மாறும்.

உறுப்பினர்கள் யார் என்ற கேள்விக்கு 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை ஒரு பதில் சொன்னது. ஓட்டுரிமை உள்ளவர்களில் ஏறக்குறைய 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள். அதைப் படித்தவர்கள் 2015இலும் 2016இலும் நடிப்புக்கான இருபது பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போனபோது கோபப்பட்டிருப்பார்கள், ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கோபம்தான் வேலை செய்தது. பெண்கள், சிறுபான்மை இனத்தவர் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக 2016 ஜனவரியில் அகாடமி அறிவித்தது. வெளிநாட்டவர்களையும் நிறையச் சேர்த்தார்கள். 2020இல் 'பாரசைட்' சிறந்த படம் ஆனது. ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

இப்போது ஜெய் பீமுக்குத் திரும்புவோம். 2022 ஜனவரியில் 'ஆஸ்கர் பட்டியலில் ஜெய் பீம்' என்று செய்தி வந்ததே, அது பரிந்துரைப் பட்டியல் இல்லை. விதிப்படி வெளியாகி, விண்ணப்பம் கொடுத்து, தகுதி பெற்ற 276 படங்களின் பட்டியல். தேர்தலில் வேட்புமனு ஏற்கப்பட்ட மாதிரி. மனு ஏற்கப்பட்டதற்கே நாங்கள் பட்டாசு வாங்கி வைத்துவிட்டோம்!

அந்தப் பத்தில் தயாரிப்பாளர் சங்கப் பட்டியலிலிருந்து எட்டுப் படங்கள் அப்படியே வந்திருந்தன. மீதி இரண்டில் ஒன்று 'டிரைவ் மை கார்'. மூன்று மணி நேர ஜப்பானியப் படம். அப்படியானால் மொழி தடையில்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கங்களும், தேசிய விமர்சகர் சங்கமும் அந்த ஆண்டின் சிறந்த படம் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன. ஓட்டுப் போடுகிறவர்கள் காதில் அந்தப் பெயர் மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தது. ஜெய் பீமைப் பற்றி நம் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது. நம்மில் யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை.

படம் நல்ல படமா என்ற கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு இன்றைக்கும் அது பிடித்த படம்தான். அன்று நாங்கள் திட்டியது தப்பான இடத்தில் என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே மாலை, அதே அறிவிப்பில், 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற இந்திய ஆவணப்படத்துக்குப் பரிந்துரை கிடைத்தது. உத்தரப்பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' பத்திரிகையைப் பற்றிய படம். நாங்கள் போனை அணைத்துவிட்டு எழுந்து போயிருந்தோம். மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன்.

அடுத்த ஜனவரியில் நீங்களும் கணிக்க உட்கார்ந்தால், முதலில் அந்த வருட விதியைப் படியுங்கள். பிறகு தேதிகள், பிறகு சங்கங்களின் பட்டியல். பிடித்த படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வாசித்து முடிக்கும்வரை மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.