ஒரு கணினியில் இரு பணிசெயல் முறைமைகள்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவி ஒன்று. அதன் கரைகள் இரண்டு. கதிரவன் எழும் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், மறையும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் இப்பிரதேச மக்கள் வழங்குவர். குருமண்வெளித் துறையில், 'பாதை' என வழங்கும் மிதவையிலேறி மண்டூருக்குச் செல்பவர் ஒரு வேளையில் ஒரு கரையில்தான் நிற்க முடியும். ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகளை அமைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் ஏறத்தாழ இவ்வாறே விளக்கலாம். வட்டு ஒன்றே, அது இரு பகுதிகளாக வகுக்கப்படுகின்றது, ஒன்றில் விண்டோஸ், மற்றையதில் லினக்ஸ் என இரு முறைமைகள் குடியேறுகின்றன. மின்னூட்டியதும் எந்தக் கரைக்குச் செல்வது என்று கேட்கும் சிறு நிரலே இங்கு ஓடக்காரன். (இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்பதைத் தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பர்.)

வெளித்தோற்றத்தில் இது தொழில்நுட்பஞ் சார்ந்த சிறு வசதியாகவே படும். எனினும் அவ்வோடக்காரன் யாருடைய ஏவலாள் என்ற வினா கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுந்து வந்துள்ளது. அவ்வினாவின் வரலாறே இங்கு நோக்கப்படுகின்றது.

1981 ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் தொடங்கப்பட்டதும் அதே மாதத்திலேதான். அக்கணினிக்கு ஐ.பி.எம். ஒன்றல்ல, மூன்று பணிசெயல் முறைமைகளை அறிவித்திருந்தது என்பது இன்று பலராலும் மறக்கப்பட்ட செய்தியாகும். அவற்றுள் மைக்ரோசொப்ட் ஆக்கிய டொஸ் 40 டொலருக்கும், டிஜிற்றல் ரிசேர்ச் நிறுவனத்தின் சீபீஎம்-86 என்பது 240 டொலருக்கும் விற்கப்பட்டன. போட்டியின் முடிவை விலையே பெரிதும் தீர்மானித்தது எனலாம். அக்காலத்தில் வாயில் யாருடையது என்ற பிணக்கு எழவில்லை; எந்த நெகிழ்வட்டைச் செருகினாலும் அதிலுள்ள முறைமையே ஆட்சி செய்தது.

பிணக்கு வன்வட்டோடு வந்தது. 1983இல் வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்ரீ கணினியில் 10 மெகாபைற்று வன்வட்டு இருந்தது. அவ்வட்டின் முதற் கூறில் உள்ள 512 பைற்றுகளே முழுக் கணினிக்கும் தலைவாயிலாக அமைந்தன. அவற்றுள் 446 பைற்றுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைற்றுகள் பிரிவினை அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டு அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையை ஒரு காணி உறுதிக்கு ஒப்பிடலாம்: எந்தப் பங்கு எங்கே தொடங்குகின்றது, எவ்வளவு நீளுகின்றது, எது இப்போது செயற்படு பங்கு என்பன அதிலே குறிக்கப்படும். நான்கு பங்குகளுக்கே இடமிருந்தது. ஆயினும் ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே வட்டில் வாழலாம் என்பது தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. குறை வேறிடத்தில் இருந்தது. காணி நால்வருக்கு, வாயிலோ ஒன்று. அந்த 446 பைற்றுகளைக் கடைசியாக எழுதியவன் எவனோ அவனே வாயிலின் உரிமையாளன்.

இரு முறைமை வாழ்வு எத்துணை இடர் நிறைந்தது என்பதற்கு லினக்ஸின் பிறப்பே சான்றாகும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் வாங்கிய கணினியில் மினிக்ஸ் என்ற முறைமையை நிறுவி, அதன் துணைகொண்டே தமது புதிய முறைமையை ஆக்கிவந்தார். ஒரு நாள் மோடத்துக்கு அனுப்பவேண்டிய தொலைபேசி அழைப்புக் கட்டளையைத் தவறுதலாக வன்வட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி அழிந்தது. அதனை மீண்டும் நிறுவாது, தமது ஆக்கத்தையே முழுமையாக்க அவர் முடிவு செய்தார். பக்கத்து வீடு இடிந்ததனால் தன் வீட்டைக் கட்டி முடித்த கதை இது.

பின்னர் லிலோ, கிரப் முதலிய தொடக்க நிரல்கள் எழுந்தன. இவை வட்டிலுள்ள விண்டோஸையும் தேடிக் கண்டு தமது பட்டியலில் சேர்த்துக்கொண்டன. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்ரீயும் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருந்தது. ஆனால் அது தன் குலத்தவராகிய டொஸ் முதலியவற்றையே தானாக வரவேற்றது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் லினக்ஸின் வாயில் அழிக்கப்படும். லினக்ஸைப் பின்னர் நிறுவினால் இரண்டும் பட்டியலில் நிற்கும். 'முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்' என்று கணினி பழகும் மாணவர் மனனஞ் செய்யும் விதி இவ்வாறு பிறந்தது. இதனைத் தொழில்நுட்பத்தின் தவிர்க்கவியலா விளைவு என்பதிலும், ஓர் அயலவனின் பண்பாடு என்பதே பொருத்தமாகும்.

அயலவனின் பண்பாடு வணிக ஒப்பந்தமாக மாறியபோது நிகழ்ந்தது பீ நிறுவனத்தின் வழக்கு. ஜோன் லூயி காசே என்பவர் தொடங்கிய அந்நிறுவனம் பீஓஎஸ் என்ற முறைமையை ஆக்கியது. 1990களின் இறுதியில் ஜப்பானின் ஹிற்றாச்சி நிறுவனம் தனது கணினி வகையொன்றில் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் சேர்த்து விற்க முன்வந்தது. கணினி கடைக்கு வந்தபோது பீஓஎஸ் வட்டில் இருந்தது. அதனைத் தெரிவுசெய்யும் பட்டியல் மட்டும் இல்லை. வாங்கியவர் தனியே சில படிமுறைகளைச் செய்தாலன்றி அது தென்படாது. மைக்ரோசொப்ட் தன் உற்பத்தியாளரோடு செய்துகொண்ட உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டிப் பீ நிறுவனம் 2002 பெப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. 2003 செப்டெம்பரில், தவறெதனையும் ஒப்புக்கொள்ளாமலே, மைக்ரோசொப்ட் 232.5 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பீயின் உடைமைகள் 2001இலேயே பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தன. காணியிலே குடியிருந்தும் வாயிலில்லாதவனின் நிலை இதுவே.

தமிழுலகில் இவ்விரு முறைமைத் தேவைக்குத் தனிக் காரணமொன்றும் உண்டு. ஈழத்துத் தமிழ் அச்சும் அலுவலகமும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவையே நம்பியிருந்தன. அது உரோம எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஆக்கப்பட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துக் கோவையே தோன்றும். பக்கமாக்கலுக்குப் பயன்பட்ட பேஜ்மேக்கர் லினக்ஸில் இயங்குமாறு வெளியிடப்படவில்லை. மறுபுறம், 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தது. கேடீஈ, க்னோம் ஆகிய லினக்ஸ் மேசைத்தளங்களின் பட்டியல்களைத் தன்னார்வலர் பலர் தமிழாக்கி வந்தனர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையிற் கலைச்சொல்லாக்கத்திற்கு ஆற்றிய தொண்டின் வழியில் வந்த பணி இது. ஆதலால் பழைய ஆவணங்களுக்கு ஒரு கரையும், தமிழிலேயே கணினியைக் கையாள மற்றொரு கரையும் தேவைப்பட்டன. இரு கணினி வாங்கும் வசதியற்ற மாணவனுக்கு வட்டை வகுப்பதே வழி. 2004இல் தோன்றிய உபுண்டு, 2011 வரை இறுவட்டுக்களை உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பியது. வட்டைத் தொடாமலே பரீட்சித்துப் பார்க்கவும் அவை இடமளித்தன.

இன்றைய கணினிகளில் பழைய 512 பைற்று வாயில் இல்லை. புதிய ஒழுங்கில் பங்குகள் 128 வரை இருக்கலாம். ஒவ்வொரு முறைமையின் தொடக்க நிரலும் பொதுப் பகுதியொன்றில் தனக்கெனக் கோப்புறை பெறுகின்றது. ஆயின் 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்கம் என்ற ஏற்பாடு, கையொப்பமிடப்பட்ட நிரலை மாத்திரமே அனுமதிக்கின்றது. பெரும்பாலான கணினிகளில் அக்கையொப்பம் மைக்ரோசொப்டினுடையது. லினக்ஸ் வழங்குநரும் தமது முதல் நிரலுக்கு அதனையே பெற்றுக்கொள்கின்றனர். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு நிறுத்தப்பட்டதோடு, விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளின் உடைமையாளர் பலர் மீண்டும் வட்டைப் பங்கிடும் வேலைக்கு வந்துள்ளனர்.

அவர்கள் முதலிற் சந்திக்கும் குழப்பம் பெரும்பாலும் கடிகாரத்தினது. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது. லினக்ஸோ உலகப் பொது நேரமாகக் கொள்கின்றது. இலங்கையில் ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிறழ்வது இதனாலேயே. லினக்ஸிலே ஒரு கட்டளையால் இதனைச் சரிசெய்யலாம். வாவிக் கரை மக்களுக்கு இத்தகைய குழப்பம் முற்றிலும் புதிதன்று. 1996 மே மாதத்தில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. படுவான்கரையின் பெரும்பகுதி அன்று அவ்வாளுகையில் இருந்தது. எழுவான்கரையின் நேரம் அரை மணித்தியாலம் முந்தி நின்றது. 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பிய பின்னரே இரு கரைக் கடிகாரங்களும் ஒத்தன.