எரிமலை அடங்கிய பிறகு வந்த சேறு



எரிமலை என்றதும் நமக்கு நெருப்புக் குழம்புதான் நினைவுக்கு வரும். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினடுபோ மலையின் கதை வேறு. அங்கே ஊர்களை விழுங்கியது மழை.

1991 ஜூன் 15. சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை பயங்கரமாக வெடித்தது. அதே நாளில் யூன்யா என்ற சூறாவளியும் அந்தப் பக்கம் கடந்தது. விழுந்த சாம்பல் மழையில் ஊறிக் கனத்து, கூரைகள் சரிந்தன. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இறந்தார்கள். விஞ்ஞானிகள் முன்கூட்டியே எச்சரித்துப் பல்லாயிரம் பேரை வெளியேற்றியிருந்தார்கள். இல்லையென்றால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

மலை அடங்கிவிட்டது. ஆனால் சுற்றிலும் உள்ள பள்ளத்தாக்குகளில் சுமார் 5 கன கிலோமீட்டர் சாம்பலும் கல்லும் தங்கிவிட்டன. பிடித்து நிறுத்த மரம் செடி இல்லை. மேலே படிந்த நுண்சாம்பல் சாந்து பூசினாற்போல் இருந்ததால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. ஓடும்போதே அடியில் உள்ளதை அரித்து வாரிக்கொண்டது. கான்கிரீட் கலவை ஆறாக ஓடினால் எப்படி இருக்கும், அப்படி! இதற்கு லஹார் என்று பெயர். ஜாவா மொழிச் சொல். நாள் முழுக்கத் தூறும் மழையைவிட, அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும் மழைதான் இதற்கு ஆபத்து.

இன்னொரு சிக்கல், வண்டல் நிரம்பி ஆற்றுப்படுகை உயர உயர, ஆறு கரையை மீறி வேறு வழி தேடும். 1993 அக்டோபரில் சாகோபியா ஆற்றின் தலைப்பகுதியே பாசிக்-பொட்ரேரோ ஆற்றோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு பாகோலோர் ஊருக்குக் கெட்ட காலம். 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது தற்காலிகத் தலைநகராக இருந்த பழம்பெருமை வாய்ந்த ஊர் அது. 1995 அக்டோபர் 1, மாமெங் புயல் மழையில் வந்த லஹார் அவ்வூரின் கபலான்டியன் பகுதியை மூடியது. பலர் மாண்டனர். மலை வெடித்து நாலு வருடம் கழித்து!

வெடிப்புக்காக ஒருமுறை ஊரைக் காலி செய்யலாம். மழையோ வருடா வருடம் வரும். எத்தனை முறைதான் மூட்டை கட்டுவார்கள்? இதுதான் என் மனதை உறுத்துவது.

அதன் பிறகுதான் பெரும் அணைக்கரை கட்டினார்கள். புல்லும் மரமும் முளைக்க முளைக்க, லஹார் கிளம்ப முன்பைவிடப் பெரிய மழை தேவைப்பட்டது. பாகோலோரின் சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரம் மண்ணில் புதைந்து நிற்கிறது. ஊரார் பீடத்தைத் தோண்டி மேலே தூக்கி வைத்தார்கள். பழைய ஜன்னல்கள்தான் இப்போது வாசல்கள்.