கணக்கை மூடத் தெரிந்த மென்பொருள்

2021 மே 7 அன்று, பிணைப்பணம் கேட்ட இணையத் தாக்குதலுக்கு உள்ளான அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் குழாய்களை நிறுத்தியது. கிழக்குக் கடற்கரைக்குத் தேவைப்படும் எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அவ்வழியேதான் போகிறது. தாக்கியவர்கள் நுழைந்த வழி ஒரு பழைய விபிஎன் கணக்கு. அது புழக்கத்தில் இல்லை, ஆனாலும் முடக்கப்படவில்லை. கடவுச்சொல்லைத் தாண்டி இரண்டாவது சரிபார்ப்பும் கிடையாது. நிறுவனம் கொடுத்த பிணைப்பணம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்.

இத்தகைய கணக்குகளைத் திறந்து மூடும் அடையாள, அணுகல் மேலாண்மை மென்பொருளை வாங்கும் பெருநிறுவனங்கள் பலவும் புதிய ஊழியருக்கு எவ்வளவு விரைவாகக் கணக்கு திறக்கிறது என்பதையே முதலில் பார்க்கின்றன. பார்க்கவேண்டியது, அதே கணக்கு எவ்வளவு விரைவாக, எத்தனை இடங்களில் மூடப்படுகிறது என்பது.

2015இல் வெளியான ஸ்கிம் 2.0 தரநிலை, கணக்குகளைத் தானாகத் திறக்கவும் மூடவும் பொதுவான வழி வகுத்தது. விற்பனையாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் மெயின்பிரேமும் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன் தானே எழுதிக்கொண்ட செயலியும் பெரும்பாலும் ஸ்கிம் அறியாதவை. அங்கே மென்பொருள் ஒரு டிக்கெட்டைத் திறந்துவிட்டு நின்றுவிடும். மீதி யாரோ ஒருவருடைய நினைவாற்றலைப் பொறுத்தது. நவீனச் செயலிகளிலும் சிக்கல் உண்டு. மையத்தில் கணக்கை முடக்கினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு டோக்கன் காலாவதியாகும்வரை உயிரோடிருக்கக்கூடும். ஆகவே சோதனைக் காலத்தில் ஒரு மாதிரி ஊழியரை மனிதவளத் தரவில் 'விலகியவர்' என்று குறித்துவிட்டு, ஒவ்வொரு செயலியும் அவரை எத்தனை நிமிடம் கழித்து வெளியேற்றுகிறது என்று அளந்து பார்க்கவேண்டும். அதற்கு மிகப் பழைய செயலியையே முதலில் எடுக்கவேண்டும்.

கணக்கு மூடப்படாமல் போவது நிர்வாகக் குறை, மென்பொருளின் குறை அன்று என்று வாதிடலாம். அதில் பாதி உண்மை. ஆனால் ஒப்பந்தப் பணியாளர்கள் பல நிறுவனங்களில் மனிதவளத் தரவிலேயே இருப்பதில்லை. அந்தத் தரவை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளும் மென்பொருள் அவர்களைக் காணவே காணாது.

மனிதர் அல்லாத கணக்குகள் இன்னும் மோசம். 2023 நவம்பர் இறுதியில் மைக்ரோசாஃப்டுக்குள் நுழைந்தவர்கள் பிடித்தது, இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கை. அங்கிருந்து, மிகுந்த உரிமைகள் பெற்றிருந்த ஒரு செயலியின் வழியே மூத்த அதிகாரிகளின் மின்னஞ்சல்வரை போனார்கள். ஒவ்வொரு செயலிக் கணக்குக்கும் பொறுப்பாளர் யார், அந்தப் பொறுப்பாளர் விலகினால் என்ன ஆகும் என்று காட்ட முடியாத மென்பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

விற்பனையாளரையும் அதே அளவுகோலால் மதிப்பிடவேண்டும். 2023இல், இத்தகைய மென்பொருளை விற்கும் ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள் யாரோ நுழைந்ததை வாடிக்கையாளர்களே முதலில் உணர்ந்தார்கள். அவர்களில் ஒன்றான பியாண்ட்டிரஸ்ட் நிறுவனம் அக்டோபர் 2 அன்றே ஆக்டாவிடம் சொல்லியிருந்தது. ஆக்டாவின் பொது அறிவிப்பு அக்டோபர் 20 அன்று வந்தது. நிர்வாகிகளின் ஒவ்வொரு செயலின் பதிவும் உடனுக்குடன் வாங்குபவரின் கண்காணிப்புக்கு வந்து சேரவேண்டும் என்பதையும், ஊடுருவல் என்ற ஐயம் எழுந்தாலே எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்பதையும் விலைப் பேரம் தொடங்கும் முன்பே எழுத்தில் பெற்றுவிடவேண்டும்.