அப்பிள் பட்டரும் பனாட்டும்



புரட்டாதி பிறந்தால் ரெக்ஸ்டேல் கடைகளில் ஒன்ராறியோ அப்பிள் மலிந்துவிடும். இந்நாட்டவர் செய்யும் அப்பிள் பட்டரில் வெண்ணெய் கிடையாது. அப்பிள் கூழைக் கறுவாவோடு மணிக்கணக்காகக் காய்ச்சி வற்றவைத்த களி அது.

இதை ஒன்ராறியோவில் வேரூன்றச் செய்தவர்களில் மெனோனைற் மக்கள் முக்கியமானவர்கள். மதத் துன்புறுத்தலால் சுவிற்சர்லாந்தையும் தென் ஜேர்மனியையும் விட்டுப் பென்சில்வேனியாவுக்கு ஓடிய குடும்பங்களின் வழிவந்தோர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாட்டர்லூப் பகுதியில் குடியேறினர். அகதி வழி வந்தவர்கள்தாம் அவர்களும். அருகிலுள்ள வெல்லெஸ்லியில் அப்பிள் பட்டரின் பெயரையும் தாங்கிய ஆண்டு விழா உண்டு.

கிடாரத்தருகே நின்று நாள் முழுக்கத் துழாவிய வேலையை இன்று ஸ்லோ குக்கர் செய்கிறது. இர்விங் நாக்சன் 1940இல் காப்புரிமை பெற்ற சட்டி, 1971இல் 'குரொக் பொட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. மூடியைச் சற்று நீக்கிவைத்தால் ஆவி போய்க் களி இறுகும். சுடச்சுடப் போத்தலில் அடைத்து, மூடிய போத்தலைக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பனங்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தது பனாட்டு; பாணியில் ஊறியது பாணிப்பனாட்டு. அங்கே வெயில், இங்கே நெருப்பு. நோக்கம் ஒன்றே: இல்லாத காலத்துக்குச் சேமிப்பது.

அவர்கள் விடாமல் செய்தார்கள், பண்டம் பிழைத்தது. பனையில்லா ஊரில் நம் பிள்ளைகளுக்குப் பனாட்டு வெறுஞ்சொல்லாகிவிடும்முன், அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள்.