டொரண்டோ: தனி வீட்டுத் தெருக்களில் நான்கு குடும்பங்களுக்கு இடம்

கனடாவின் மிகப் பெரிய நகரான டொரண்டோவில், ஒரே மனையில் நான்கு குடும்பங்கள் வரை வசிக்கக்கூடிய சிறிய கட்டடங்களை நகரெங்கும் அமைக்க நகரசபை 2023ஆம் ஆண்டு மே மாதம் அனுமதி வழங்கியது. தனி வீடுகள் மட்டுமே இருந்துவந்த தெருக்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அத்தகைய கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும், அவற்றால் யார் பயனடைவார்கள் என்ற கேள்விகள் இன்னமும் விவாதிக்கப்படுகின்றன.

நூறாண்டுத் தடை

குடியிருப்புத் தெருக்களில் அடுக்குமாடிக் கட்டடங்களைத் தடுக்கும் துணைவிதியை டொரண்டோ 1912ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. பிற்கால நிலப்பயன்பாட்டு விதிகளும் அதே வழியில் சென்றன. 2023 வரை, நகரின் குடியிருப்புப் பகுதி நிலத்தில் சுமார் 70 சதவீதம் தனி வீடுகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

இதனால் பிரதான சாலைகளில் உயரமான கோபுரங்களும், அவற்றின் பின்னால் தனி வீடுகளும் பெருகின. இரண்டுக்கும் இடைப்பட்ட சிறிய கட்டடங்கள் அரிதாயின.

தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ பகுதியும் பெரும்பாலும் இத்தகைய தெருக்களைக் கொண்டது. 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்த பலருக்கு, பேஸ்மெண்ட் எனப்படும் நிலக்கீழ்த் தளமே முதல் வீடாக அமைந்தது. அந்த வாடகை வீட்டு உரிமையாளரின் கடன் தவணைக்கும் உதவியது. ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல.

வடிவமைப்பில் என்ன மாறுகிறது

நான்கு தனி வீடுகளுக்கு நான்கு கூரைகளும் பதினாறு வெளிச்சுவர்களும் தேவை. நான்கு வீடுகளும் ஒரே கட்டடத்தில் அமைந்தால் ஒரு கூரையும் நான்கு வெளிச்சுவர்களும் போதும். குளிர்காலத்தில் வெப்பம் வெளியேறும் பரப்பு குறைகிறது.

டொரண்டோவின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களிலிருந்தே வருகிறது. வீடுகளைச் சூடாக்க எரிக்கப்படும் இயற்கை எரிவாயு அதற்கு முக்கிய காரணம். 2040க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவது நகரின் இலக்கு. தடித்த வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்கும் கருவி, மின்சார வெப்பப் பம்பு ஆகியவை இருந்தால் எரிவாயு இணைப்பே இல்லாமலும் இத்தகைய கட்டடம் இயங்க முடியும்.

நிலக்கீழ்த் தளம் குறித்து மறுபரிசீலனை தேவைப்படுகிறது. ஆழமாகத் தோண்டினால் ஒரு வீடு கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உற்பத்தியின்போதே பெருமளவு கரிவாயுவை வெளியேற்றும் சிமெண்டுக் கான்கிரீட் அதிகம் செலவாகும், வெளிச்சமும் குறையும். 2013 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் பெய்த பெருமழைகளில் நிலக்கீழ்த் தளங்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

மரங்களும் கணக்கில் வருகின்றன. 30 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள மரத்தை, அது தனியார் மனையில் இருந்தாலும், அனுமதியின்றி வெட்ட முடியாது. வாகன நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை நகரசபை 2021 டிசம்பரில் பெருமளவு நீக்கியதால், தார் போட வேண்டியிருந்த நிலத்தை மரத்துக்கும் மழைநீர் இறங்கும் மண்ணுக்கும் விட்டுவைக்க வழி பிறந்துள்ளது.

எதிர்ப்பும் அச்சமும்

வெயில் மறையும், தனிமை குலையும், தெருவில் வாகன நெரிசல் கூடும் என்பவை அயலவர்களின் ஆட்சேபங்கள். ஜன்னல்களின் திசை, கட்டடத்தின் ஆழம் ஆகியவற்றைக் கவனமாகத் தீர்மானித்தால் இவற்றில் சிலவற்றைத் தணிக்கலாம்.

வாடகைதாரரின் பிரச்சினை வடிவமைப்பால் மட்டும் தீராதது. இடிக்கப்படும் வாடகை வீடுகளுக்கு மாற்று வீடு கோரும் நகர விதி, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களுக்கே பொருந்துகிறது. பழைய வீடு இடிக்கப்படும்போது நிலக்கீழ்த் தளத்தில் வசித்த குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புதிய வீட்டின் வாடகை அதன் வசதிக்குள் இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

2025 ஜூனில் ஆறு வீடுகள் வரையிலான கட்டடங்களை அனுமதிக்கும் யோசனை வந்தபோது நகரசபை பிளவுபட்டது. டொரண்டோ மற்றும் கிழக்கு யார்க் பகுதிக்கும், ஸ்கார்பரோ வடக்கு எனப்படும் 23ஆம் வட்டாரத்துக்கும் மட்டுமே அப்போது அனுமதி கிடைத்தது. மற்ற வட்டாரங்கள் விரும்பினால் சேரலாம் என முடிவாயிற்று.

ஒரு மனையில் எத்தனை வீடுகள் என்பதை விதிகள் தீர்மானிக்கின்றன. அவை நிலத்துக்கு மேலே, வெளிச்சத்தில் அமையுமா, இன்று நிலத்துக்குக் கீழே வசிப்போருக்கு அவற்றில் இடம் கிடைக்குமா என்பதே இந்த மாற்றத்தின் பயனை அளக்கும் அளவுகோலாக இருக்கும்.