சீருடையும் உரிமமும்: அமெரிக்கப் படைகளின் மருத்துவ உளவியல் பயிற்சியில் வெளியேறும் வழி பற்றி

அமெரிக்கப் படைகள் தம் அதிகாரிகளைத் தம் செலவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் வரை படிக்கவைக்கின்றன. 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரே சட்டம் இதற்கான இரண்டு பெரிய வாசல்களையும் திறந்தது. ஒன்று, மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள சீருடைப் பணிகள் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே உளவியல் முனைவர் படிப்பில் சேரும் படை மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. அதிகாரி என்ற முறையில் மாதச் சம்பளமும் பெறுகிறார். மற்றொன்று, வெளிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்குப் படை வழங்கும் சுகாதாரத் தொழில் உதவித்தொகை. இரண்டிலும் படிப்பு முடிந்தபின் பல ஆண்டுகள் படையில் பணியாற்றியே தீர வேண்டும். இந்த ஏற்பாட்டை ஆதரிப்போர் ஆள் பற்றாக்குறையைச் சுட்டுகிறார்கள். எதிர்ப்போர், விலை கொடுத்து வாங்கிய மனசாட்சி நோயாளியின் பக்கம் நிற்காது என்கிறார்கள். இரு தரப்பும் பணம் எங்கிருந்து வருகிறது என்றே பார்க்கின்றன. இக்கட்டுரையின் வாதம் வேறு: பணம் யாருடையது என்பது இரண்டாம் பட்சம், படித்து முடித்தவர் மறுத்துப் பேசிவிட்டு வெளியேற என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே இந்த ஏற்பாட்டின் தகுதியைத் தீர்மானிக்கிறது.

அரசுப் பணமே தொழிலைக் கெடுக்கும் என்ற வாதத்தை அத்தொழிலின் வரலாறு ஏற்கவில்லை. முதல் உலகப் போரில் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் சுமார் 17 லட்சம் வீரர்களுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தினார்கள். அது ஆளைத் தரம் பிரிக்கும் வேலை. நோயாளி என்று அங்கே எவரும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, மனக்காயத்தோடு திரும்பியவர்களால் மருத்துவமனைகள் நிரம்பியபோதுதான் நிலைமை மாறியது. 1946இல் முன்னாள் படைவீரர் நிர்வாகம் 22 பல்கலைக்கழகங்களில் சுமார் 200 மாணவர்களோடு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் மருத்துவமனையில் பகுதி நேரம் வேலை பார்த்து அதற்கு ஊதியம் பெற்றார். பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருந்தன. 1949இல் கொலராடோ மாநிலம் போல்டரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. இன்றைய மருத்துவ உளவியல் பெருமளவு இந்த அரசுப் பணத்தில் வளர்ந்ததுதான். அந்தப் பணம் அன்றைய உழைப்புக்கான கூலியாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

படையின் உதவித்தொகை வருங்கால உழைப்பின் மீது தரும் முன்பணம். படிப்புச் செலவை ஏற்கும் படை, ஒப்புக்கொண்ட காலம் பணியாற்றாதவரிடம் மீதியைத் திரும்பக் கேட்கும் என்பது அமெரிக்கச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊரில் பாண்டு எழுதிக் கொடுத்துப் படித்த மருத்துவர்களுக்கு இதன் கனம் தெரியும். உதவித்தொகை வாங்காதவரையும் இந்த வலை எட்டுகிறது. முனைவர் படிப்பின் கடைசிக் கட்டம் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. மாணவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, நாடு தழுவிய பொருத்தல் முறை இடம் ஒதுக்குகிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிக அதிகம். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இடமில்லாமல் நின்றார்கள். வால்டர் ரீட், ட்ரிப்ளர் போன்ற படை மருத்துவமனைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. சம்பளமும் வெளி மருத்துவமனைகள் தருவதைவிட மிக அதிகம். ஆனால் அங்கே இடம் கிடைத்தவர் அதிகாரியாகப் படையில் சேர்ந்தாக வேண்டும். கல்விக் கடனோடு, பட்டத்துக்கு ஓராண்டு பாக்கியிருக்கும் மாணவர் அந்த இடத்தை வரிசையில் மேலே போடுவதை முழுச் சுதந்திரமான முடிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

இந்தக் கடன் எங்கே உறுத்துகிறது? 2011இல் பாதுகாப்புத் துறை ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. வீரர் மனநலச் சிகிச்சைக்கு வருவதைக் கட்டளை அதிகாரியிடம் சொல்லாமலிருப்பதே பொது விதி என்கிறது அது. கூடவே விதிவிலக்குகளையும் அடுக்குகிறது. தற்கொலை ஆபத்து, பிறருக்கு ஆபத்து என்பவை எந்த நாட்டு உளவியலாளரும் ஏற்பவை. ஆனால் படையின் பணிக்குத் தீங்கு என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தூக்கமின்றித் தவிக்கும் ஒரு ஹெலிகாப்டர் பராமரிப்பாளர் பணிக்குத் தீங்கா, இல்லையா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் கேப்டன் நிலையிலுள்ள இளம் உளவியலாளர். கேட்பவரோ கர்னல். அந்தக் கேப்டனுக்கு இன்னும் மூன்றாண்டுப் பணிக்கடன் பாக்கியிருந்தால், 'சொல்ல இயலாது' என்ற இரண்டு சொற்களுக்கு அவர் தரும் விலை கூடிவிடுகிறது. அவர் கட்டாயம் பணிந்துவிடுவார் என்பதில்லை. மறுத்த பிறகும் அதே முகாமில்தான் அவர் இருந்தாக வேண்டும்.

இதற்கு ஆதரவாளர்கள் தரும் பதில் வலுவானது. படையில் தனித்துச் சிகிச்சை தர உரிமம் வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமத்தைப் படை தருவதில்லை, ஏதேனும் ஒரு மாநிலத்தின் உரிம வாரியம் தருகிறது. பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்குவது அமெரிக்க உளவியல் சங்கம். ஆகவே சீருடைக்கு வெளியே இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள் என்பது வாதம். இரண்டாம் காவலரின் கதை அவ்வளவு ஆறுதல் தருவதில்லை. தேச பாதுகாப்புக் கைதிகளை விசாரிப்பதில் உளவியலாளரின் பங்கு பற்றி 2005இல் அச்சங்கம் அமைத்த பணிக்குழுவில் படை, உளவுத் துறைத் தொடர்புடையோரே பெரும்பான்மை. 2015இல் வெளியான ஹாஃப்மன் அறிக்கை, சங்க அலுவலர்கள் பாதுகாப்புத் துறையினரோடு கலந்துபேசி, துறையின் விதிகளை மிஞ்சாதபடி நெறிமுறையைத் தளர்வாக வைத்தார்கள் என்று முடிவு செய்தது. படை உளவியலாளர்கள் சிலர் அம்முடிவைக் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் அவ்வாண்டு ஆகஸ்டில் சங்கத்தின் பேரவை, தேச பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பதைத் தடைசெய்தது. வெளியிலிருக்கும் அமைப்பு என்பதாலேயே அது சுயேச்சையானது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செல்வாக்கு எதிர்த்திசையிலும் பாய்ந்திருக்கிறது. 1991 முதல் 1997 வரை பாதுகாப்புத் துறை, உளவியலாளர்களுக்கு மருந்து எழுதும் பயிற்சி அளித்தது. இதைப் படைத் தளபதிகள் கேட்டு வாங்கவில்லை. ஹவாய் செனட்டர் டேனியல் இனோயேயின் முனைப்பில் நாடாளுமன்றம் கொண்டுவந்தது. மருந்து எழுதும் உரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்த உளவியல் தொழிலுக்கு அது நல்ல சோதனைக்களம். தேறியவர்கள் 10 பேர். செலவு 60 லட்சம் டாலருக்கு மேல். படையில் இதற்கான தேவை நிறுவப்படவில்லை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1997இல் எழுதியது. ஆனால் அந்தப் பத்துப் பேர் வேலையைச் செவ்வனே செய்தார்கள் என்றும் பின்னர் தெரியவந்தது. 2002இல் நியூ மெக்சிகோவும் 2004இல் லூசியானாவும் உளவியலாளருக்கு அந்த உரிமையைச் சட்டமாக்கின. படை தொழிலை விலைக்கு வாங்கிவிட்டது என்று மட்டும் சொல்வோர், தொழில் படையின் கஜானாவைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்தியதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் சீருடை அணியாத சிவிலியன் உளவியலாளர்களை அமர்த்தினால் போதாதா? தளத்து மருத்துவமனைகளுக்குப் போதும். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் போர்முனை முகாமுக்கும் போதாது. அங்கே கூடவே போகக் கட்டளையிடத் தக்க ஒருவர் வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களிடம் சார்ல்ஸ் ஹோக் குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சிக்கல் அறிகுறிகள் தென்பட்டோரில் உதவி நாடியவர்கள் 23 முதல் 40 விழுக்காடுதான். மேலதிகாரி தம்மை வேறுவிதமாக நடத்துவார், கூட இருப்பவர்கள் நம்பிக்கை இழப்பார்கள் என்ற அச்சம் சிக்கல் உள்ளவர்களிடமே மிகுந்திருந்தது. சீருடை அணிந்த உளவியலாளருக்கு ஆதரவாக இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவது வழக்கம்: போர்முனையை அறிந்தவரிடம் வீரர் மனம் திறப்பார் என்று. எனக்கு அது பாதி வாதமாகவே படுகிறது. வீரர் அஞ்சுவது போரை அறியாத மருத்துவரையல்ல, செய்தி மேலே போவதை. போரை அறிந்தவராகவும் மேலே சொல்ல மறுக்கக்கூடியவராகவும் ஒருவரே இருந்தால்தான் இந்தச் செலவு பலன் தரும்.

அத்தகையவர் கிடைக்கத் தேவையான வழி சட்டத்தில் ஓரளவு இருக்கிறது. உதவித்தொகை பெற்றவரைப் படைப் பணியிலிருந்து விடுவித்து வேறொரு கடமைக்கு மாற்ற இடமுண்டு. ஆனால் அது துறை பார்த்துத் தரும் சலுகை. அதை உரிமையாக்கி, எஞ்சிய ஆண்டுகளை முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், கர்னலுக்கு எதிரில் அமரும் கேப்டனின் நிலை மாறிவிடும். கதவைத் திறந்தால் எல்லோரும் போய்விடுவார்கள், கப்பலில் யார் இருப்பார் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, புறப்பட்டுக்கொண்டிருக்கும் படைப்பிரிவிலிருந்து உடனே விலக முடியாது, அந்தப் பணிச்சுற்று முடிந்த பிறகே மாறலாம் என்ற நிபந்தனை தேவைப்படும். சிலர் போகவும் செய்வார்கள். அப்படிப் போனவரும் அதே வீரர்களுக்குத்தான், அவர்கள் சீருடையைக் கழற்றிய பிறகு, சிகிச்சை தருவார். பொதுப் பணம் வீணாகாது. எத்தனை பேர் போகிறார்கள், எந்தத் தளத்திலிருந்து போகிறார்கள் என்ற கணக்கும் துறைக்குக் கிடைக்கும். எந்தக் கட்டளை அதிகாரியின் கீழ் உளவியலாளர்கள் நிலைக்கவில்லை என்பதை இன்று பணிக்கடன் மறைத்துவைக்கிறது.